புகை வராத மெஷின்

போன வாரம் மனுவேல் வாசலில் நின்று போட்ட சத்தத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "அந்தச் சனியன் பிடிச்ச மெஷின் என் வாசப்படியைத் தாண்டுச்சுன்னா நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாரே, அந்தச் சத்தம்.

மனிதர் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கசார்வாடி ஃபேக்டரியில் கிடைத்த நிரந்தர வேலையை மகன் லிபின் உதறிவிட்டு, சலீம் என்ற நண்பனோடு சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு விடக் கிளம்பியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் கேக் தீர்வதற்குள் மகனோடு பேச்சை நிறுத்தினார். இதோ, ஜூன் மாதமும் பிறந்துவிட்டது.

அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. மெஷின்தான் வீட்டுக்கு வந்தது. வரவழைத்தது மழை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பிடித்துக்கொண்டது. நேராகக் கொட்டினால் பரவாயில்லை, இது பக்கவாட்டில் அறைகிற மழை. தெருமுனையில் இருந்த பெரிய மரம் சாய்ந்து, கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு ரோட்டில் படுத்துவிட்டது. லைன்மேனுக்குப் போன் போட்டால், "ஷாம் தக் ஹோ ஜாயேகா", சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்று ஒரே பாட்டு. சாயங்காலம் வந்தால் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

சாயங்காலம்தான் மகள் கிளாரிசாவுக்கு நிச்சயதார்த்தம்!

மனுவேலின் மனைவி லூர்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிக்ஸி ஓடாது. மோட்டார் ஓடாது. வீடு வேறு கும்மிருட்டு. ஜூன் பிறந்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதை அவளும் செய்திருந்தாள். வராண்டாவைச் சுற்றி நீல நிறத் தாட்பத்ரியை இழுத்துக் கட்டி, அடியில் செங்கல் அடுக்கி, சாரல் ஒரு சொட்டு உள்ளே வராமல் அடைத்திருந்தாள். வேலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் தார்ப்பாய் என்பார்கள். தாத்தா காலத்திலேயே மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்துவிட்ட இந்த வீட்டில் அது தாட்பத்ரிதான்.

"ஏங்க, லிபினைக் கூப்பிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மனுவேல் இருட்டில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"உன் பையன். உன் இஷ்டம்."

இப்போதெல்லாம் லிபினுக்கு வீட்டில் அதுதான் பெயர். 'உன் பையன் சாப்பிட்டானா', 'உன் பையன் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கான்.' பெற்றதில் தனக்குப் பங்கே இல்லாத மாதிரிதான் பேச்சு. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லையே! லூர்து போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

லிபின் நீல டெம்போவில் பறந்து வந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான், முகத்தில் மட்டும் வெயில் அடித்தது.

"மம்மி, இதைப் பாருங்க! பெட்ரோல்லயும் ஓடும், காஸ்லயும் ஓடும். நம்ம கிச்சன்ல இருக்கற ஸ்பேர் சிலிண்டரையே மாட்டலாம். காஸ்ல போட்டா கரும்புகை இல்ல, நாத்தம் இல்ல. காலையில கசார்வாடியில ஒரு வீட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு இறக்கிட்டுதான் வரேன்."

சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்த மெஷினை இழுத்துக்கொண்டு முற்றத்துக் கோடியில் இருந்த கொய்யா மரத்தடிக்குப் போனான். மேலே ஒரு தகரத்தை நிறுத்தப் பார்த்தான். காற்று தகரத்தைப் பிடுங்கி எறிந்தது. மறுபடி நிறுத்தினான். மறுபடியும் பிடுங்கியது.

அப்போதுதான் அது நடந்தது.

"டேய் லிபின்!"

லூர்துவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த கிளாரிசா சீப்போடு ஓடி வந்தாள். வாசற்படியில் மனுவேல் நின்றுகொண்டிருந்தார்.

"மழையில நல்ல மெஷினைக் கெடுத்துக்காதே. வராண்டாவுல கொண்டாந்து வை."

லிபின் வாயைத் திறந்தான். "டாடி, இதைத் திறந்த வெளியிலதான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் விழுங்கிவிட்டான். டாடி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். சனியன் என்று சொன்ன வாயால் நல்ல மெஷின் என்கிறார். அந்த நேரத்தில் போய் 'ரூல் அப்படி இல்ல டாடி' என்று எந்தப் பிள்ளைக்கு நாக்கு எழும்? லிபினுக்கு எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழைதான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மெஷின் வராண்டாவுக்கு வந்தது. தாட்பத்ரியின் ஒரு ஓரத்தை அவிழ்த்துத் தூக்கிக் கட்டிவிட்டு, "மம்மி, இந்தப் பக்கம் மட்டும் எப்பவும் திறந்தே இருக்கட்டும்" என்றான்.

"சரிடா, சரிடா. லைட்டைப் போடு முதல்ல!"

கயிற்றை ஒரு இழு இழுத்தான். வீடு முழுக்க விளக்கு! ஃபேன் சுற்றியது, மோட்டார் உறுமியது, கிளாரிசா கைதட்டிக் குதித்தாள். லூர்து தேங்காயை மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். அந்த மிக்ஸி சத்தம் அன்றைக்கு அவளுக்குச் சர்ச் ஆர்கன் மாதிரி கேட்டது.

சர்ச் ஹாலில் இருந்து நாற்காலிகளை ஏற்றிவர லிபின் டெம்போவில் கிளம்பினான். தொழிலுக்கென்று வைத்திருந்த போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சொந்தப் போனை மட்டும் எடுத்துக்கொண்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில், திறந்திருந்த ஓரத்தின் வழியாகச் சாரல் அடித்து, வராண்டாவில் விரித்திருந்த புதுக் கம்பளம் நனைந்தது. சம்பந்தி வீட்டார் முதலில் மிதிக்கிற இடமல்லவா? லூர்து அந்த ஓரத்தையும் இழுத்துக் கட்டினாள். செங்கல்லையும் வைத்தாள். மகன் சொன்னது ஞாபகம் இருந்தது. புகையே வராத மெஷின்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது.

"டாடி!" என்று கிளாரிசா முன்னறையிலிருந்து கூவினாள். மனுவேல் ஏற்கெனவே எழுந்துவிட்டார். தாட்பத்ரிக்குள் போய்ப் பார்த்தார். மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கயிற்றை இழுத்தார், ஓடியது. பத்து நிமிஷம்கூட ஆகாமல் மறுபடியும் நின்றது, மறுபடியும் சிவப்பு விளக்கு.

"லிபினுக்குப் போன் போடட்டுமா?" என்றாள் லூர்து.

"வேணாம். சம்பந்தி வர்ற நேரத்துல மெஷின் ரிப்பேர்னு தெரிஞ்சா உன் பையனுக்குத்தானே தலைகுனிவு? நான் எதுக்கு இருக்கேன்?"

அலமாரியைத் திறந்தார். டெப்போ காலத்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் தாட்பத்ரிக்குள் நுழைந்ததைப் பார்க்கவேண்டுமே! வயதில் பாதி உதிர்ந்துபோன மாதிரி இருந்தார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடியது. பிறகு அது நிற்கவேயில்லை.

"ஒரு குட்டி டப்பா, லூர்து. அதுதான் சும்மா சும்மா ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. அதோட வயரைக் கழட்டி நேராக் குடுத்துட்டேன். மத்தபடி உன் பையன் மெஷின் தங்கம்!"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். லூர்து அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனம் அவ்வளவு நிறைந்து கிடந்தது.

அதற்குள் லிபினின் தொழில் போன் அடித்தது. மனுவேல் எடுத்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"ஹலோ, லிபின் ஜெனரேட்டர்ஸ்!"

அடுப்படியில் லூர்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தமிழா? அட, எந்த ஊரு தம்பி? கோயம்புத்தூரா! சொல்லுங்க... ஆமா ஆமா, இங்கயும் அதே தொல்லைதான். பயப்படாதீங்க. ஸ்க்ரூடிரைவர் இருக்கா? சொல்றேன் கேளுங்க..."

இந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஊரில், போனுக்குள்ளிருந்து தமிழ் வந்துவிட்டால் மனுவேலுக்குத் தலைகால் புரியாது. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். லூர்து முந்திரி வறுக்கப் போய்விட்டாள். போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் வராண்டா. மெஷினுக்குக் காவல் இருக்கிறாராம்!

கொஞ்ச நேரத்தில் கிளாரிசா பட்டுப்புடவையோடு அடுப்படிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மம்மி, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. வராம என்ன செய்யும்? இங்க உக்காரு."

கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தாள். காற்று பட்டதும் தெளிந்தாள். "இப்ப ஓகே மம்மி" என்று மறுபடியும் முன்னறைக்குப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மகர்பட்டாவில் வேலை பார்க்கும் சுனிலும் அவன் அம்மா ஷீலாவும் தாட்பத்ரியைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார்கள். "ஊரே இருட்டாக் கிடக்கு, உங்க வீட்டுல மட்டும் தீபாவளியா சம்பந்தி!" என்று ஷீலா சிரித்தபோது லூர்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மருமகனோட மச்சான் பண்ணின ஏற்பாடு" என்றாள், கொஞ்சம் அலட்டலாகவே.

காபி கலந்து எடுத்துவந்தபோது ஷீலா சிரிக்கவில்லை. நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. திடீர்னு தலை பாரமா இருக்கு. வாந்தி வர்ற மாதிரி..."

லூர்துவுக்கு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கை தன்னால் ஜெபமாலையைத் தேடியது. கிளாரிசா சோபாவில் சுனில் எதிரிலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நிச்சயதார்த்தப் பெண் இப்படியா உட்காருவாள்? ஜன்னலோரம் மனுவேல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மனுவேல் பகலில் தூங்குகிறவரே இல்லை!

"ஏங்க."

அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துணிப்பொம்மை மாதிரி அந்தப் பக்கம் விழுந்தது.

ஒரு நொடியில் லூர்துவின் மூளை ஓடிய ஓட்டம் அதற்கு முன் ஓடியதே இல்லை. அடுப்படியில் கிடந்த எனக்கு ஒன்றுமில்லை. கொல்லைக் கதவோரம் வந்ததும் கிளாரிசாவுக்குச் சரியாயிற்று. இங்கே திரும்பி வந்ததும் மறுபடி மோசம். இப்போதுதான் வந்த ஷீலாவுக்கும் அதே. இந்த அறையில்தான் என்னமோ இருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"சுனில்! எல்லாரையும் கொல்லப்பக்கம் கூட்டிட்டுப் போ! கிளாரிசாவைத் தூக்கு! ஜல்தி!"

போனை அழுத்தினாள். லிபின் எடுத்தான்.

"டேய், உன் மெஷின்லேர்ந்து ஏதாவது வருமா? டாடி எழுந்துக்கமாட்டேங்குறார்டா!"

அந்தப் பக்கம் டெம்போ கிறீச்சிட்டு நின்றது கேட்டது.

"மம்மி, தாட்பத்ரி திறந்துதானே இருக்கு?"

"கம்பளம் நனையுதேன்னு இழுத்துக் கட்டிட்டேன்டா..." என்றாள் லூர்து. அவன் புரிந்துகொண்டான்.

"அய்யோ! டாடியை வெளிய இழுங்க. மூச்சைப் பிடிச்சிக்கிட்டுப் போய் சிலிண்டரை மூடுங்க. அடுப்பு காஸை மூடுற மாதிரிதான் மம்மி, அதே ரெகுலேட்டர்தான். வந்துட்டேன், வந்துட்டேன்!"

தினமும் இரவு படுக்கப்போகுமுன் அடுப்படியில் திருகுகிற அதே மாதிரி ரெகுலேட்டர். லூர்து மூச்சை அடக்கிக்கொண்டு வராண்டாவுக்குள் பாய்ந்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. ஒரே திருகு. மெஷின் இருமிவிட்டு நின்றது. மீன் வெட்டுகிற கத்தியால் தாட்பத்ரிக் கயிறுகளை அறுத்தாள், ஒன்று, இரண்டு, எல்லாவற்றையும். காற்று அந்த நீலத் துணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொய்யா மரத்தில் மாட்டியது. மழை கம்பளத்தில் கொட்டியது. கொட்டட்டும்!

கிளாரிசாவைக் கொல்லைப்பக்கம் விட்டுவிட்டு ஓடிவந்த சுனில், மனுவேலின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். லூர்து காலைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில், கொட்டுகிற மழையில், சேற்றில் அவரைக் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது.

டெம்போ காம்பவுண்டுக்குள் புகுந்து நின்றது. லிபின் குதித்து வந்து, யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், டாடியை முதுகில் அள்ளிப் போட்டுக்கொண்டான். சர்ச் ஹால் நாற்காலிகளை அப்படியே வெளியே தள்ளிவிட்டு எல்லாரையும் ஏற்றினார்கள். கிளாரிசா, ஷீலா, பட்டுப்புடவை, சேறு எல்லாம் ஒரே வண்டியில் கிளம்பின. வழி முழுக்க லூர்து புருஷனின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கிளாரிசாவுக்கும் ஷீலாவுக்கும் சீக்கிரமே தெளிந்தது. அடுத்தடுத்த படுக்கையில், முகத்தில் மாஸ்க்கோடு, மாமியாரும் மருமகளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

"கார்பன் மோனாக்சைடு" என்றாள் டியூட்டி டாக்டர், இந்தியில். "பெட்ரோல்ல ஓட்டினாலும் வரும், காஸ்ல ஓட்டினாலும் வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆக்ஸிஜன் போகவேண்டிய இடத்துல போய் இது உக்காந்துக்கும். வீட்டை விட்டு நல்லாத் தள்ளி, திறந்த வெளியில வெக்கணும். ஆமா, இப்ப வர்ற மெஷின்ல இது ஜாஸ்தியானா தானா நிறுத்திடற சென்சார் இருக்குமே? உங்களோடதுல இல்லையா?"

"இருக்கு டாக்டர். சிவப்பு லைட் எரிஞ்சு ஆஃப் ஆகும். ஏன் ஆகலன்னுதான் எனக்குப் புரியல" என்றான் லிபின். "திறந்த வெளியிலதான் வைக்கணும்னு எனக்குத் தெரியும் மம்மி. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். டாடி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரேன்னு..."

அந்தக் குட்டி டப்பா! சொல்லலாமா வேண்டாமா என்று லூர்து தவித்துக்கொண்டிருந்தபோது மனுவேலின் விரல் அசைந்தது. கண் திறந்தது. நீரில் மூழ்கி மேலே வந்தவர் மாதிரி மூச்சை இழுத்தார்.

"டாடி!" லிபின் கட்டிலருகே மண்டியிட்டான்.

மனுவேல் மகனையே பார்த்தார். அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று லூர்து நினைத்தாள். அவர் முகத்தில் வந்ததோ பயம். மாஸ்க்கை இழுத்துக் கழற்றினார்.

"அந்த டப்பா வயரை நான்தான் கழட்டினேன்டா."

"பரவாயில்ல டாடி, பேசாதீங்க..."

"கேளுடா! உன் போனுக்கு ஒருத்தன் கூப்பிட்டான். கோயம்புத்தூர்ப் பையன், பாஸ்கர்னு பேரு. அவன் மெஷினும் நின்னு நின்னு போகுதாம். சிவப்பு லைட் எரியுதாம். மகளுக்குப் பொறந்தநாள், மழைக்குப் பயந்து மெஷினை அடுப்படியை ஒட்டித் துணி காயப்போடற டிரை பால்கனிக்குள்ள இழுத்து வெச்சிருக்கேன்னான். நான்... வயரை எப்படிக் கழட்டறதுன்னு நான் சொல்லிக்குடுத்துட்டேன்!"

லிபின் எழுந்தான். "கசார்வாடி. காலையில நான்தான் இறக்கினேன். வெளிய வைங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். "நானும் வரேன் மச்சான், 108க்கு வழியிலேயே போன் போடறேன்!" என்று சுனில் பின்னாலேயே பாய்ந்தான். நீல டெம்போ அலறிக்கொண்டு கிளம்பும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

மனுவேலின் சட்டைப்பையில் இருந்து தொழில் போனை லூர்து எடுத்தாள். கடைசியாக வந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.

"ஹலோ?"

சின்னக் குரல். அரைத் தூக்கத்தில் இருந்தது.

"கண்ணு, அப்பாகிட்ட போனைக் குடும்மா."

"அப்பா தூங்கறாங்க. அம்மாவும் தூங்கறாங்க. எழுப்பினா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

லூர்து ஸ்பீக்கரைப் போட்டாள். "உன் பேரென்ன தங்கம்?"

"மீனு. இன்னிக்கு எனக்கு பர்த்டே. தலை வலிக்குது ஆன்ட்டி. நானும் தூங்கப்போறேன்."

"தூங்காதே!"

மனுவேல்தான். எங்கிருந்து அவருக்கு அந்தத் தெம்பு வந்ததோ, எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். ஓடிவந்த நர்ஸை லூர்து இரண்டு கையாலும் தடுத்து நிறுத்தினாள்.

"மீனு கண்ணு, நான் தாத்தா பேசறேன். நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? வாசக்கதவு எங்க இருக்கு? யாரு முதல்ல போறாங்கன்னு பாக்கலாம். போனைக் கையிலயே வெச்சுக்கோ. நட!"

"கால் வரமாட்டேங்குது தாத்தா."

"அப்ப தவழ்ந்து போ. குட்டிப்பாப்பா மாதிரி. போ கண்ணு, போ."

போனில் உரசல் சத்தம். நின்றது. மறுபடியும் உரசல்.

"வந்துட்டேன். தாழ்ப்பாள் எட்டல."

"ஏறி நிக்க ஏதாவது இருக்கா?"

"கேக் வைக்கிற ஸ்டூல் இருக்கு."

"கேக்கைக் கீழ தள்ளு! தாத்தா உனக்கு வேற வாங்கித் தரேன். ஸ்டூலை இழு. ஏறு."

எதுவோ தொப்பென்று விழுந்தது. கேக்கா, பிள்ளையா? மனுவேல் "மீனு! மீனு!" என்று கத்தினார். பதில் இல்லை. அடுத்த படுக்கையில் கிளாரிசாவும் ஷீலாவும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

டக்.

தாழ்ப்பாள் சத்தம். அதன் பின்னால், ஹோவென்று, போனுக்குள்ளிருந்து மழை கேட்டது.

"தாத்தா, நான் நனையறேன்."

"நனை கண்ணு! நல்லா நனை!" மனுவேலின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. "கதவை விரியத் திறந்து வெச்சுட்டுத் தள்ளி வந்து நில்லு."

"உள்ள போய் அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வேணாம்! உள்ள போகவே கூடாது. அங்கயே நில்லு. நீலக் கலர்ல ஒரு டெம்போ வரும் பாரு. என் பையன் வந்துக்கிட்டே இருக்கான். அவன் வந்து அம்மாவை, அப்பாவை எல்லாரையும் தூக்கிட்டு வந்துடுவான்."

என் பையன். லூர்துவின் காதில் அது விழுந்தது. எத்தனை நாளாக அவள் காத்திருந்த வார்த்தை! சந்தோஷப்பட முடியவில்லை. புருஷனின் தோளைப் பற்றிக்கொண்டு, போனுக்குள் கேட்கும் மழைக்கு அப்பால் வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"டெம்போ தெரியுதா கண்ணு? எட்டிப் பாரு."

"தெருவுல எதுவுமே வரல தாத்தா" என்றாள் மீனு.